கறையின் மறுபக்கம்

எந்தத் துணி கைக்கு வந்தாலும் செலீன் முதலில் அதன் மறுபக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள். கறை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். சலவைக்கூடத்துப் பெண்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அப்பென்செல் மலைச்சரிவில் இருந்த அந்த மனநல விடுதிக்கு நோயாளியாக வந்தவள், மூன்று வருடமாக அங்கேயே துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை டாக்டர் நெஃப் பத்துப் பட அட்டைகளைக் காட்டி அவளைச் சோதிப்பதாக இருந்தது. தேறினால் வீடு. தேறாவிட்டால், மார்ட்டின் திருநாளன்று ஊர்ச்சபை அவளுடைய ஏழு வயது மகள் ஓட்டிலியை யாராவது ஒரு பண்ணைக்காரனிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடும். திருநாளுக்கு இன்னும் பதினாறே நாள்.

"அட்டையத் திருப்பாதடி. திருப்பினா உடனே எழுதிக்கிறாங்க" என்றாள் கூடவே துணி பிழியும் பாபெட். "என்னத்தக் காட்டினாலும் வௌவால்னு சொல்லிடு."

"நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களாக்கா?"

"பத்து அட்டைக்கும் சொன்னேன்."

"அப்புறம் ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்க?"

பாபெட் போர்வையை ஓங்கி உதறினாள்.

சோதனை அறையில் டாக்டர் முதல் அட்டையை நீட்டினார். "இது என்னவா இருக்கலாம்?"

செலீனின் கை தானாகவே அதைத் திருப்பிவிட்டது. பேனா கீறும் சத்தம் கேட்டது.

"மசி, டாக்டர். ஈரத்துலயே மடிச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்துல இந்த மசிக்கறைய 'க்ளெக்ஸ்'னு சொல்வோம். சொட்டு விழற சத்தத்தையே பேரா வச்சிருக்காங்க. நோட்டுல விழுந்தா விரல்மேல அடி விழும்."

இவ்வளவு பேசிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கைகள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணிக்கடியில் ஒளிந்துகொண்டன.

டாக்டர் அந்தக் கைகள் போன இடத்தைப் பார்த்தார். "அதனாலதான் நான் அந்தப் பேரச் சொல்றதில்ல. கேட்டதுமே எல்லாரும் கைய ஒளிச்சுக்கறாங்க. படம்னு மட்டும்தான் சொல்வேன். இது என்னன்னு நான் கேக்கல, செலீன். என்னவா இருக்கலாம்னு கேக்கறேன்."

இருக்கலாம். நாக்கு நுனியில் வௌவால் தயாராக இருந்தது. பேனா காத்திருந்தது. ஓட்டிலி நினைவுக்கு வந்தாள். செலீன் மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். வௌவால் அங்கே இல்லவே இல்லை.

"ரெண்டு பொம்பளைங்க. ஆளுக்கொரு முனையப் பிடிச்சு ஈரப் போர்வையப் பிழியறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பக்கத்துக்காரி சரியா முறுக்கல."

டாக்டர் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. மிச்சம் ஒன்பது அட்டைகளுக்கும் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே சொன்னாள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் தபால்காரர் வரும் நேரத்தில் அவள் கை சோப்பு நுரைக்குள்ளேயே நின்றுவிடும். பதினான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. பதினைந்தாம் நாள் விடுவிப்புத் தாள் வந்தது. திருநாளுக்கு முந்தைய மாலை, ஊர்ச்சபை எழுத்தரின் மேசைமேல் அதை வைத்துவிட்டு, அங்கே காத்திருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓட்டிலிக்கு இப்போது பத்தொன்பது வயது. கோஸாவ் ஊரில் ஒரு பூத்தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். செலீன் வீட்டிலேயே துணி வெளுக்கிறாள். பாபெட் இன்னும் விடுதியில்தான் இருக்கிறாள்.