கழுத்துவரை பெற்றோல்

எங்கள் காரின் முன்பலகையில் என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்த அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் மகளை விட வயது கூடிய கார். அதற்கும் ஏதாவது முறைப்பாடு இருக்கத்தான் செய்யும் என்று ஓட்டிக்கொண்டு போனேன். ஆனால் பின்சீற்றில் இருந்த மகள் தலைத்துணியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெற்றோல் மணக்கிறது, நிப்பாட்டுங்கள் வாப்பா என்றாள். நிப்பாட்டினேன். வீதியோரத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்தாள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

எங்கள் ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுத்தால் மருமகன்தான் நம் வீட்டுக்கு வருவார். வந்த மருமகன் உழைக்கக் கட்டாருக்குப் போய்விட்டார். ஆகவே மகளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொண்டு திரிவது என் பொறுப்பு, என் காரின் பொறுப்பு. அவளுக்குப் பிரஷர் வேறு கூடியிருந்தது. தலை இடித்தாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிஷமும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே கொண்டு வாருங்கள் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். குண்டும் குழியுமான வீதியில் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். கொண்டுபோகிற காரே பிள்ளையை இந்தப் பாடு படுத்தினால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் தமிழ்த் தம்பி ஒருவன்தான் பல வருஷமாக எங்கள் காரைப் பார்க்கிறவன். அவன் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, டாங்கியிலிருந்து பெற்றோல் ஆவி எங்கேயோ கசிகிறது என்றான். முதலில் அவன் சந்தேகப்பட்டது மூடியை. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் குழாய் விட்டு உறிஞ்சுகிற கள்ளருக்குப் பயந்து நான் பூட்டுள்ள மூடி ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். அது இறுக்கமாக உட்காரவில்லை. காருக்கேற்ற மூடியைத் தேடிப் போட்டான். விளக்கு அணைந்தது. வீட்டுக்கு வந்து பெரிய வெற்றி வீரனைப்போல் அறிவித்தேன். சில நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

அடுத்ததாக டாங்கிக்குள் புகையை ஊதிப் பார்த்தான். கடற்காற்றில் துருவேறிய குழாயின் இணைப்பில் மெல்லிய நூல்போலப் புகை எழும்பியது. ரப்பர்க் குழாய் ஒன்றும் வெடித்திருந்தது. இரண்டையும் மாற்றினான். இனி வராது நானா, எழுதித் தாறன் என்றான். அண்ணன் முறைக்கு என்னை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான். நல்லவேளை, எழுதித் தரவில்லை. அடுத்த கிளினிக் நாளில் விளக்கும் வந்தது, மணமும் வந்தது. மகள் அந்த மணத்தோடு போராடிப் போராடி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வெளிறிப்போயிருந்தாள். அன்று பிரஷர் இன்னும் கூடியிருந்தது. நான் கராஜுக்குப் போய் நாலு பேர் பார்க்க அவனை ஏசினேன்.

கல்முனை பஸாரில் எனக்கொரு கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்த மாதங்களில் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். ஒருவர் காரை விற்கச் சொன்னார். இன்னொருவர் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். பெற்றோல் மணத்துக்கு எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை.

தலையிடி என்று வருகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது, எந்த நேரத்தில் இடிக்கிறது என்பதைத்தான். வாசிக்கும்போதா, வெயிலில் போனாலா? ஆள் வராத ஒரு மத்தியானம் அந்தக் கேள்வியைக் காரிடமும் கேட்டால் என்ன என்று தோன்றியது. மழை நாளா? இல்லை. நீண்ட ஓட்டமா? அதுவுமில்லை. யோசித்துக்கொண்டே போனபோது பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் பெற்றோல் அடித்த மறுநாள்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

கடையைப் பூட்டிக்கொண்டு கராஜுக்குப் போய்ச் சொன்னேன். அவன் காருக்குக் கீழே படுத்து, டாங்கிக்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தான். அதற்குள் இருப்பது வெறும் கரி. வெயிலில் டாங்கிக்குள் எழும் ஆவியை அந்தக் கரி பிடித்துவைத்து, கார் ஓடும்போது என்ஜினுக்குக் கொடுக்குமாம். கையில் வாங்கினேன். ஈரச் சீமெந்தைப்போல் கனத்தது. சரித்தபோது மூலையால் பெற்றோல் ஒழுகியது.

"இதுக்குள்ள காத்துத்தான் போகணும். பெற்றோல் போயிரிக்கு நானா," என்றான். "டாங்கி தளம்பத் தளம்ப அடிச்சா இப்பிடித்தான் வரும்."

நான் பெட்டியை நிமிர்த்தி நிலத்தில் வைத்தேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அந்த டாங்கியைத் தளம்பத் தளம்ப நிரப்புவது யார், ஏன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாரும் பழகிய பழக்கம் அது. குழாய் டக்கென்று தானாக நின்ற பிறகும் விடமாட்டோம். காரைப் பிடித்து ஆட்டி, உள்ளே பெற்றோலை இறங்க வைத்து, டாங்கியின் கழுத்தில் மினுங்கும்வரை இன்னும் கொஞ்சம் அடிப்போம். அடுத்த தடவை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். வரிசைகள் ஓய்ந்ததும் ஊர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. என் மனைவி விடவில்லை.

அவளுக்கு ஒரு ராத்தா இருந்தார். உம்மா மௌத்தான வீட்டில் தங்கைக்குத் தலைவாரி, சோறு ஊட்டி வளர்த்த ராத்தா. புருஷனுக்குப் பொத்துவிலில் வயல் இருந்ததால் அங்கேயே குடியிருந்தார். வரிசைகள் மிக நீண்டிருந்த நாட்களில் ஒரு காலை, சுபஹு தொழுத கையோடு செய்தி வந்தது. ராத்தா மௌத்து. மத்தியானம் ளுஹர் தொழுகையோடு அடக்கம், வந்துவிடுங்கள் என்றார்கள். எங்கள் காரில் பெற்றோல் இல்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. நான் தெருத்தெருவாக ஓடினேன். கடைசியில் இந்தக் கராஜ்காரத் தம்பிதான், திருத்த வந்து நின்ற மோட்டார் சைக்கிள்களின் சொந்தக்காரரிடம் கேட்டு, அவற்றிலிருந்து வடித்துக் கேன் ஒன்றில் கொண்டுவந்து தந்தான். அதற்குள் ளுஹருக்குப் பாங்கு சொல்லிவிட்டது.

எங்களில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. நாங்கள் போய் இறங்கியபோது ஆண்கள் மையவாடியிலிருந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வாசலில் ராத்தாவைக் குளிப்பாட்டிய வாங்குப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் இல்லை. முகம் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது. அதுவும் இல்லாமல் போயிற்று. யாரையும் அவள் குறை சொல்லவில்லை. குறை சொல்ல யாரும் இருக்கவுமில்லை.

அன்றிலிருந்து நான் பெற்றோல் செட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளும் வருவாள். குழாய் நின்றதும் இறங்கி, காரின் பின்பக்கத்தில் கைகளை வைத்து அவளே ஆட்டுவாள். அடிக்கிற பையன்களுக்கும் பழகிவிட்டது. அவள் குனிந்து கழுத்துக்குள் பார்த்துத் தலையாட்டும்வரை அடிப்பார்கள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அவளுக்கு அதில் ஒரு நிம்மதி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

இப்போது அதை அவளிடம் சொல்லியாக வேண்டும். அடுக்களைப் படியில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பெட்டி, கரி, ஒழுகிய பெற்றோல் எல்லாம் சொன்னேன். அரை டாங்கி இருந்தாலே பொத்துவிலுக்குப் போய்த் திரும்பலாம் என்றும் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "எனக்குத் தெரியாமலா? கை கேக்குதில்ல."

பிள்ளை அந்த மணத்தில் துடிக்கிறாளே என்றேன். கழுவிய மீனையே திரும்பவும் கழுவினாள். நான் எழுந்து போய்விட்டேன். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபிக்காமல் இருப்பது எனக்குப் பழக்கமுமில்லை.

தம்பி பழைய கார் ஒன்றிலிருந்து நல்ல பெட்டி ஒன்றைக் கழற்றிப் பூட்டினான். வேலைக்காக டாங்கியை வடித்திருந்தான்; காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். காரைக் கொண்டுவந்த மறுநாள் காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே பேப்பர் பார்த்த மகள், எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது வாப்பா என்றாள். தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்சீற்றில் உம்மாவின் மடியில் தலைவைத்துப் படுக்க வைத்தோம். பெற்றோல் முள் சிவப்பில் கிடந்தது. ஆஸ்பத்திரிவரை போய்ச் சேரும் என்ற நம்பிக்கைகூட எனக்கில்லை. வழியிலிருந்த செட்டில் திருப்பினேன்.

பையன் எங்களை அடையாளம் கண்டு, கேட்காமலே குழாயைப் போட்டான். கொஞ்சம் போதும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மனைவி பின்னால் இருக்கிறாள். அவள் மனம் நிறையும்வரை நிற்கவேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும் என்று, என் மகள் முனகுவதைக் கேட்டுக்கொண்டே, ஒரு மூடனைப்போல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"போதும் தம்பி. மூடிடுங்க," என்றாள்.

முள் பாதிக்கும் கீழே நின்றது. நான் காரை எடுத்தேன். மணம் வரவில்லை. மகள் வாந்தி எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது மனைவி பிள்ளையின் நெற்றியைத் தடவி ஓதிக்கொண்டிருந்தாள்.

அன்று பகலே சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் உரத்த குரல். மகளும் சுகமாகத் திரும்பினாள். அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் மனைவி, பொத்துவிலுக்குப் போய்வருவோம் என்றாள். செட்டில் நிறுத்தவா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கரைப்பற்றைத் தாண்டி, திருக்கோவிலையும் விநாயகபுரத்தையும் தாண்டிப் போனோம். மையவாடி மதிலோடு காரை ஓரங்கட்டச் சொன்னாள். கண்ணாடியை இறக்கி ஸலாம் சொன்னாள். பிறகு மடியிலிருந்த பேத்தியைத் தூக்கி, முகம் மதில் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"ராத்தாட்ட நாம பிந்தித்தான் வந்த," என்றாள். "வந்ததானே?"

"ஓம்," என்றேன். "வந்த."