நான் வாசிக்காத வாழ்க்கைக் குறிப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

போன வருடம் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்துபோனாள். எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பிள்ளைகளில் ஒருவர் எழுதி வாசிக்க வேண்டும். அண்ணன் அந்த வேலையை என் தலையில் கட்டினான். உட்கார்ந்து எழுதினால் நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. பிறந்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், கல்யாணம் முடித்தாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

"ஏட்டி, அம்மாவப் பத்தி என்னத்த எழுத, வீட்லதான இருந்தா? நம்ம படிப்பு, வேலை, பேரப்பிள்ளைக எல்லாத்தையும் போட்டுரு, ஒரு பக்கம் வந்துரும்" என்றான் அண்ணன்.

அப்படியே போட்டேன். அண்ணனுக்குக் கம்பெனியில் என்ன பதவி, நான் என்ன பட்டம் வாங்கினேன், என் மகன் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிப்பது வரை எல்லாம் வந்துவிட்டது. அம்மா மட்டும் 'அன்பான தாய், சிறந்த இல்லத்தரசி' என்று ஒரே வரியில் அடங்கிப்போனாள். காலமெல்லாம் எங்களுக்குப் பொங்கிப் போட்டு, ஆறிப்போனதைக் கடைசியில் தின்றவளுக்கு நாங்கள் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை பதினொரு மணி, நல்ல வெயில். சர்ச்சில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை வாசித்தேன், இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அழவில்லை, திக்கவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டீச்சர் டிரெயினிங் ஸ்கூல்ல சீட்டு கெடச்சு, பெட்டியெல்லாம் கட்டின பொறவு அவள மறிச்சுக் கல்யாணம் பேசி முடிச்சத அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டியே. எங்க அய்யா, அம்மா போன பொறவு எனக்கும் அக்காவுக்கும் மட்டுந்தான தெரியும், ஒனக்கு எப்பம் சொன்னா?"

எனக்கு அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நான் அப்படி எதுவும் வாசிக்கவும் இல்லை. கைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். "கால் மணி நேரமா நின்னு பேசி மானத்த வாங்கிட்டு, இப்பம் பேப்பரக் காட்டுதியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் போனில் எடுத்திருந்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் பேப்பரில் இருந்ததைத்தான் வாசிக்கிறேன். பிறகு அதை மடித்துவிட்டு, பேசிக்கொண்டே இருக்கிறேன். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. ஃபேன் ஓடுவது கேட்கிறது, யாரோ இருமுவது கேட்கிறது, என் குரல் மட்டும் கேட்கவில்லை. கடைசியில் முன்வரிசையில் இருந்த சித்தி சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

அந்தக் கடைசியில் அப்படி என்ன சொன்னேன்? அண்ணனிடம் கேட்டால் எழுந்து போகிறான், என் கணவரிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அரைமணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, "லீவுல வாரேம்மா" என்று சொல்லியே வருடங்களை ஓட்டிய மகள் நான். அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று தெரியாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. போன வாரம் சித்தி வீட்டுக்கே போய் உட்கார்ந்து கெஞ்சினேன்.

சித்தி வெகுநேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அது ஒனக்கு வேண்டாம்ட்டி. அக்கா ஏதோ கோவத்துல சொல்லிட்டா, மனசுல வச்சுக்கிடாத."

அம்மா கோபப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.