விடிந்தபின் ஏரிக்கரைக்குப் போனவர்

திருப்புலிவனத்துச் சேட்டு, ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். முதுகில் எத்தனை கனம் ஏற்றினாலும் அசராத மனுஷன், வயிறு கொஞ்சம் பிசைந்தால் வெலவெலத்துப் போவார். காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் தாண்டவராயன் குடலில் கட்டி வந்து இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனார். தனக்கும் அதேதான் என்று சேட்டு தானே முடிவு கட்டிவிட்டார். மகள் பவளத்துக்குப் புள்ளலூரிலிருந்து வந்த நல்ல வரனுக்குக்கூட நாலு மாசமாகப் பதில் இல்லை. கல்யாணத்தன்றைக்குத் தான் உயிரோடு இருப்போமா என்று பயம்.

1982 கோடையில் மனைவி சொக்கம்மாள் அவரை ஒருவழியாக உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் செத்த கதையைக் கேட்ட டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளிக்குப் போனால் வலி குறைகிறதா? வலிக்கிற நாளில் இளகலாக, அடிக்கடி போகிறதா? வயிறு உப்புகிறதா? சேட்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். ரத்தம் போகிறதா என்றதற்கு மட்டும் இல்லை என்றார். டாக்டர் முகம் தெளிந்தது. கட்டி கிட்டி எதுவுமில்லை, குடல் முரண்டு பிடிக்கிற கோளாறுதான் என்று சொல்ல வாயெடுத்தார்.

"சார், இவரு விடியறதுக்கு முன்ன ஏரிக்கரைக்குப் போறாரு. இருட்டுல இன்னாத்தப் பாத்தாரு?" என்றாள் சொக்கம்மாள்.

எங்கள் பக்கத்தில் யார்தான் வெளிச்சத்தில் போகிறார்கள்? பார்க்காததை இல்லை என்று சொன்னது சேட்டுவுக்குப் பொய்யாகவே படவில்லை. ரத்தம் இல்லை என்று எழுதியிருந்ததை டாக்டர் அடித்தார். இந்தக் கேள்விகள் பெரும்பாலும் சரியாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பதில் தப்பானால் எல்லாம் தப்பு என்றார். எடை பார்த்தார், சோதனைக்கு ரத்தம் எடுத்தார். ஏழு நாள் விடிந்தபின் போய், பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அந்த ஏழு நாளும் சேட்டு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரையில் போனவர்கள் கத்திரி வெயிலில் எந்த மழைக்குக் குடை என்று கேட்டுச் சிரித்தார்கள். மானம் போனாலும் மனுஷன் ஒருநாளும் பார்க்காமல் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டரிடம் சொட்டு ரத்தம்கூட இல்லை என்று அடித்துச் சொன்னார். எடை குறையவில்லை, ரத்தச் சோதனையும் சரியாக இருந்தது.

"உங்க அண்ணனுக்கு வந்தது உனக்கு இல்லப்பா. இந்த வலி வரும், போவும், ஆளக் கொல்லாது. எப்பனா ரத்தம் தெரிஞ்சாலோ, உடம்பு எளச்சாலோ ஒடனே வந்துடு" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சேட்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சொக்கம்மாளும் அழுதாள். அத்தனை நாள் அவள் பயந்ததை யாரும் கேட்கவில்லை. அழுது முடித்து, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"வூட்டுக்கு அப்புறம் போலாம். புள்ளலூரு பஸ்ஸ புடி. பொண்ணு குடுக்கறோம்னு நானே சொல்லிட்டு வரேன்."