மலேயா பாட்டு

எந்த ஊருக்குப் போனாலும், டீக்கடையிலோ ஓட்டலிலோ இங்கிலீஷ் பாட்டு ஓடினால் கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏழாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆனால் கோவாவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவியபோதும், பெங்களூரில் கட்டட வேலை செய்தபோதும், வெள்ளைக்காரர்களின் கிதார் பாட்டுகள் என் காதில் நிறைய விழுந்திருக்கின்றன. எங்கே போனாலும் அதே பத்துப் பதினைந்து பாட்டுகள்தான். நான் தேடுகிற பாட்டு அதில் ஒருநாளும் வந்ததில்லை. கோவா ஓட்டலில் பாட்டுப் போடுகிற சேலத்துப் பையனிடம் ஒருமுறை அதை வாயாலேயே இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, உடம்பு எதுவும் சரியில்லையா?" என்றான்.

அந்தப் பாட்டு எங்கள் மாமாவுடையது. பாடியவன் யாரென்று அவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. செஞ்சியில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தார். எண்பதுகளில் ஒருநாள், கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஒருவனின் மோட்டார் சைக்கிள் மலையடிவாரத்திலேயே படுத்துவிட்டது. மாமா அதைத் தூக்கி பஸ் மேலே கட்டி, அவனை இன்ஜின் பெட்டி மேல் உட்காரவைத்துத் திண்டிவனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இறங்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மாமாவின் கையில் வைத்து அழுத்தினான். அதன் மேல் பேனாவால் எழுதியிருந்ததெல்லாம் அவன் வியர்வையில் கரைந்து வெறும் நீலமாக ஊறிப்போயிருந்தது. பெயரில்லாமலேயே அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் மாமாவுக்குக் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமையில் ரேடியோவில் கொஞ்ச நேரம் இங்கிலீஷ் பாட்டுப் போடுவார்கள். அந்த நேரத்துக்கு மாமா கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். சில நாள் நானும் கூடப் போவேன், பாய் பட்டாணி வாங்கித் தருவார் என்பதற்காக. கேசட்டின் முதல் பக்கத்துப் பாட்டுகள் ரேடியோவிலும் அவ்வப்போது வந்தன. அதற்கெல்லாம் மாமா தலையைக்கூட நிமிர்த்தமாட்டார். அவர் காத்திருந்தது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு. பாட்டு வந்தால் பாடியவன் பெயரைச் சொல்வார்களே, அதற்காக.

"வராது பாய்."

"வரும்டா. எங்க போயிடும்? இன்னிக்கி இல்லன்னா அடுத்த வாரம்."

"எப்டி வரும்? ரேடியோக்காரன் அர மணில ஏழு பாட்டு போட்டாவணும். இது ஒண்ணே செஞ்சில ஆரம்பிச்சா வளத்தி ஸ்டாப்பு கிட்ட வந்துதான் நிக்குது."

"அப்ப வேற பாட்ட கேளேன்டா, பைத்தியக்காரா."

"அத கேக்கத்தான் ஊரே இருக்குதே. இத கேக்க நான் ஒருத்தன்தான் இருக்கறன்."

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காது. ஒரு கிதார் மட்டும், கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவன் போல, தயங்கித் தயங்கிப் போகும். பிறகு ஒருவன் தொண்டை கட்டியவனாய் நாலு வரி பாடுவான். பாடிவிட்டுக் கத்துவான். அதன் பிறகு கிதார்களெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ்காரன் தனியாக அடிக்க ஆரம்பிப்பான். அடிப்பான், அடிப்பான், நிறுத்துவதற்கே மனசு வராதவன் மாதிரி அடிப்பான். நெஞ்சுக்குள்ளே கல் உருளும். கடைசியில் அந்தத் தொண்டை கட்டியவன் திரும்ப வந்து ஒரே ஒரு வரி பாடுவான். அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்திருந்ததா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பயமாக இருந்தது, ஆனால் எழுந்து போகத் தோன்றாது.

அம்மாவுக்கு அது ஆகாது. மாமா வீட்டுக்கு வந்து டேப்பைத் திருகினால், "எழவு வீட்டுச் சத்தம். நிறுத்துடா" என்பாள். நிறுத்தாவிட்டாலும் அடுப்படியை விட்டு எழுந்து போகமாட்டாள்.

என்னைப் பெத்த நைனா கல் குவாரியில் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டுத் தோட்டத்துப் பக்கம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். பெரியப்பா கெட்டவரில்லை. சோறு போட்டார், தீபாவளிக்குத் துணி எடுத்தார். நான் கெட்டுப்போகாமல் இருக்கவும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டணத்தில் தெரிந்தவர் வீட்டில் கைக்குழந்தை பார்த்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை வேண்டுமாம். எனக்கு ஒன்பது வயது. "வாக்கு குடுத்துட்டன். அமாவாச கழிச்சி காலைல மொத பஸ்ஸு" என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா என்னிடம் சொன்னாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அவர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று முந்தானையை இழுத்துக்கொள்வார்கள். அவசரமானால் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, அதனிடம் சொல்வதுபோலச் சொல்வார்கள். அன்று சாயங்காலம் அம்மா என்னை நடுவில் நிறுத்தினாள்.

"புள்ள சின்னப் புள்ளயா இருக்குது, இன்னும் ஒரு வருசம் போவட்டும்னு ஒங்க பெரியப்பா கிட்ட சொல்லு."

நான் திரும்பி, "சின்னப் புள்ளயா இருக்குதாம்" என்றேன்.

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பட்டணத்துல டிவி இருக்குதுன்னு சொல்லு" என்றார்.

இந்த இடத்தில் நான் ஒரு துரோகம் செய்தேன். டிவி என்றதும் எனக்குப் போக ஆசை வந்துவிட்டது. அதற்குமேல் அம்மா சொன்னதை நான் சரியாக எடுத்துச் சொல்லவில்லை.

அமாவாசைக்கு மலையனூர் போய் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் என்னை அனுப்புவதாக ஏற்பாடு. மாமாவின் பஸ்ஸே அன்று மலையனூர் ஸ்பெஷல். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எந்த பஸ்ஸில் அம்மன் பாட்டு சத்தமாகக் கேட்கிறதோ அதில்தான் சனம் ஏறும். மாமாவின் பஸ் நிரம்பி வழிந்தது. பெரியப்பா மாமாவுக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியை ஒட்டி, மரியாதையான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் பெரியம்மாவும் பெண்கள் பக்கம் இரண்டாவது சீட்டில் நசுங்கிக் கிடந்தோம். நாளைக்குப் போகப்போகிறவள் என்பதால் அம்மா என் கையை விடவேயில்லை. எனக்கு அது புழுக்கமாக இருந்தது.

ஊரைத் தாண்டியதும் டேப்பு சிக்கிக்கொண்டது. அம்மன் பாட்டு இழுபட்டு, ஆம்பளைக் குரலாகி, நின்றுபோனது. மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கேசட்டைப் பிடுங்கினார். நாடா குடல் மாதிரி வெளியே வந்தது.

"டிரைவரே, பாட்டு இன்னா ஆச்சி?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "அடுத்த பஸ்ஸுல நல்லாதான பாடுது? நிறுத்து, அதுல ஏறிக்கறோம்!"

"ஏறு, ஏறு. அவன் கூரை மேலகூட எடம் இல்ல" என்றார் கண்டக்டர். ஆனால் அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது. "அண்ணே, எதயாவது போட்டு வுடுண்ணே."

மாமாவிடம் இருந்தது வேறு ஒன்றே ஒன்றுதான். அந்த வெள்ளைக்காரன் கேசட், கடைசிப் பாட்டுக்குச் சுற்றி வைத்தபடியே இருந்தது; அதைப் போட்டார். அந்தக் கிதார் தயங்கித் தயங்கிக் கதவைத் திறக்க ஆரம்பித்தது.

மடியில் வேப்பிலைக் கொத்து வைத்திருந்த சீயமங்கலத்துக் கிழவி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தொண்டை கட்டியவன் கத்தியதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னாடா இது, பூனை வால மிதிச்சாப்பல?"

"அம்மன் பாட்டுதான் ஆயா" என்றார் மாமா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மலேயாவுல இருக்கற நம்ம சனங்க பாடினது."

"மலேயாவுலயா?"

"ஆமா. அங்க பாஷ அப்டிதான் இருக்கும்."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கிழவி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே போயும் அம்மனை மறக்கவில்லையே என்றாள். பஸ் முழுக்க அந்தச் செய்தி பின்னால் நகர்ந்தது. அதற்குள் டிரம்ஸ்காரன் தனியாக அடிக்கத் தொடங்கிவிட்டான்.

கோயிலில் பம்பை மேளம் அடித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அடி ஒரு அளவைத் தாண்டினால் அது காதில் கேட்பதில்லை, உடம்பில்தான் கேட்கும். பஸ்ஸில் பேச்சு நின்றது. கிழவியின் கையில் வேப்பிலை தானாக ஆட ஆரம்பித்தது. அவளுக்குத்தான் அருள் வரப்போகிறது என்று எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அப்போது என் கை சட்டென்று விடுபட்டது.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். தலை அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு சேர்ந்து அவளும் குலுங்கினாள். அவள் தொண்டையிலிருந்து, அந்தத் தொண்டை கட்டியவனுக்குக் கொஞ்சமும் குறையாத ஒரு கத்தல் கிளம்பியது.

"யார்ரா அவன்? எம் பொண்ண பட்டணத்துக்கு ஏத்தறவன் யார்ரா?"

பெரியப்பா எழுந்துவிட்டார். தோளிலிருந்த துண்டு எப்போது இடுப்புக்குப் போனதென்றே தெரியவில்லை. "தாயி... வாக்கு குடுத்துட்டன் தாயி."

"வாக்கு நீ குடுத்த. புள்ள யார்ரா குடுத்தது?"

"நீதான் குடுத்த தாயி."

"எம் பொண்ணு மேல கை வெச்சன்னா கைய முறிப்பன். அனுப்புவியா?"

"இல்ல தாயி."

"சத்தியமா?"

"ஒம் மேல சத்தியமா அனுப்பல. மல ஏறிடு தாயி."

யாரோ கற்பூரத்தை எடுத்து ஏற்ற முயன்றார்கள். கண்டக்டர் அலறினார்: "யம்மா! டீசல் வண்டி! கும்புடறத கீழ எறங்கிக் கும்புடுங்க!" மாமா பஸ்ஸை ஓரம் கட்டவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் திருகி வைத்தார். அந்தத் தொண்டை கட்டியவன் திரும்பி வந்து தன் கடைசி வரியைப் பாடி முடித்தபோது, அம்மா பெரியம்மாவின் மடியில் சாய்ந்து கிடந்தாள். சீயமங்கலத்துக் கிழவி அவள் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, ரொம்ப நியாயமான அம்மன் என்று சான்று கொடுத்தாள்.

நான் பட்டணம் போகவில்லை. டிவி போனதே என்று எனக்கு அங்காளம்மன் மேல் கோபம்கூட இருந்தது. பதினாலு வயதில் யாரிடமும் சொல்லாமல் நானே கிளம்பிப் போனேன். அது வேறு கதை.

பாட்டுக்கு நல்ல காலம் பிறந்தது. அடுத்த அமாவாசையிலிருந்து "மலேயா பாட்டு பஸ்ஸு எது?" என்று கேட்டு ஏற ஆரம்பித்தார்கள். முதலாளியே மற்ற பஸ்களுக்கும் வேண்டுமென்று பாயிடம் சொல்லிப் பிரதி எடுக்கவைத்தார். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். ரேடியோவில் ஒருநாளும் வராத அந்தப் பாட்டு, நாடா தேய்ந்து கரகரவென்று ஆகும்வரை செஞ்சிக்கும் மலையனூருக்கும் நடுவில் மாதம் தவறாமல் ஓடியது. உலகத்தில் வேறு எங்காவது யாராவது அதைக் கேட்டு இப்படிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா, தெரியாது. பாடியவன் எங்கேயாவது உட்கார்ந்து, தன் பாட்டு ஓடவில்லையே என்று வருத்தப்பட்டிருந்தால் அவனுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு மலையனூரில் இறங்கியதும் பெரியம்மா பூசைச் சாமான் வாங்கப் போனாள். பெரியப்பா எங்களுக்கு ரொம்ப தூரத்தில் நின்றார். அம்மா குளத்துப் படியில் உட்கார்ந்து முகம் கழுவினாள், தலையை நனைத்துக்கொண்டாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, பஸ்ஸுல நான் இன்னா பேசினன்? எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லடி."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்து நின்று, தலைமுடியை முன்னால் தள்ளிக்கொண்டு, அப்படியே நடித்துக் காட்டினேன். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டியதையும் சேர்த்துத்தான். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "திருப்பி சொல்லு" என்றாள்.

திருப்பிச் சொன்னேன். "'எம் பொண்ணு மேல கை வெச்சன்னா கைய வெட்டுவன்'னு சொன்ன..."

"வெட்டுவன்னு சொல்லல" என்றாள் அம்மா, ஈரத் தலையை முந்தானையால் பிழிந்துகொண்டே. "முறிப்பன்னு சொன்னன்."

தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வார்த்தையும் பிசகக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.