தீக்குச்சிக்கும் வரி

ஐம்பதுகளில், படாளத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த புதிதில், வாசகசாலையில் ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். ‘மின்சார இலாகாவால் நாடு செழிக்குமா?’ என்பது தலைப்பு. பள்ளிக்கூட வாத்தியாரான நான், மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டே, நம் வரிப்பணமெல்லாம் கம்பியில் தொங்குகிறது என்று முழங்கினேன். ஒரே கைதட்டல்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற கூலிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். “கம்பம் தூக்கியாந்து நட்டது நாங்க, சாமி. லைட்டு உங்க தெருவோட நின்னுபோச்சு. எங்க வூட்ல தீக்குச்சிதான் கீது. அதுக்கும் வரி வாங்குறாங்களே, அது எங்க போவுது?”

பெயர் கொடுக்காதவர் பேசக்கூடாதென்று தலைவர் மணி அடித்தார். தப்பித்தோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பரிசு எனக்குத்தான். வெட்கங்கெட்டவன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.