பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

போன சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஜாஸ் கச்சேரிக்குப் போயிருந்தோம். சிரிக்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஜாஸ் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? ஆசை எனக்கல்ல, அவருக்கு.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ரயில் என்ஜின் பாய்லர் ஷாப்பில் வேலை. நாளெல்லாம் இரும்பின் மேல் சம்மட்டி அடி. அங்கே இருப்பவர்களுக்குக் காது மெல்ல மெல்ல மந்தமாகிவிடும். அவருக்கு இடது காது போய்விட்டது. வலதும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதேன். அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான் – அதற்குள் ஐரீன் பாடுவதை நேரில் கேட்டுவிட வேண்டும்.

ஐரீன் யார்? பியானோ வாசித்துக்கொண்டே ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டுப் பாடும் பெண். பாட்டில் ஒரு வார்த்தை இவருக்குப் புரியாது. ஆனாலும் அவள் குரல் வந்தால் போதும், ரேடியோப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொள்வார். நான் கொண்டு போய் வைத்த காபி ஆறி ஏடு படியும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு... சொன்னால் என்ன?

அவள் பொன்மலைக்கு வருகிறாள் என்றதும் ஃபோர்மேனைப் பிடித்து இரண்டு பாஸ் வாங்கிவிட்டார். நாங்கள் எந்தக் கச்சேரிக்கும் போகிற வழக்கப்படி முன்கூட்டியே போய் முதல் வரிசையில் இடம் பிடித்தோம். அவருக்கு மடிப்பு வேட்டி, சந்தனப் பொட்டு. எனக்குத் தலை நிறைய மல்லிகை. வலது காது மேடைப் பக்கம் இருக்கும்படி அவரை உட்கார வைத்தேன்.

அவள் வந்து பியானோவில் கை வைத்தாள். உடனே கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ள வேண்டும் என்றார். எதற்கு? எல்லோரும் ஆடுவதற்கு! பாட்டென்றால் உட்கார்ந்து கேட்பது என்பதெல்லாம் நம் ஊர் வழக்கம். அங்கே ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். யாருக்குத் தெரியும்?

சுவரோரம் போனோம். மரத் தரையில் அத்தனை பூட்ஸ் சத்தம். எனக்கே பாட்டுப் பாதிதான் கேட்டது. அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போகலாம் என்றார்.

போவதாவது! இடைவேளையில், அவர் தடுக்கத் தடுக்க, நேரே மேடைக்குப் போய்விட்டேன். எந்த பாஷையில் பேசுவதென்று நான் விழிக்க, அவளே "சொல்லுங்க" என்றாள். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளாம். விஷயத்தைச் சொன்னேன்.

"பாய்லர் ஷாப்பா?" என்றாள். முகம் மாறிவிட்டது. "எங்க டாடியும் அதான். நாற்காலிய பியானோகிட்ட போடுங்க. அதோட மரத்து மேல கைய வைக்கச் சொல்லுங்க, அதிர்றது கையில தெரியும். டாடி அப்படித்தான் கேப்பார்."

போட்டேன். அவர் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார். அடுத்த பாட்டை அவள் மெதுவாக, அவர் பக்கம் திரும்பிக்கொண்டு பாடினாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு ஜோடியாக நின்றுவிட்டார்கள். அவருடைய ஒரு கை பியானோ மேல், மறு கையால் தொடையில் தாளம் – அது பாட்டோடு சேரவில்லை என்பது வேறு விஷயம்! அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், நல்லா கேட்டுச்சா என்று அவர் வலது காதருகே கேட்டேன்.

"கேட்டுச்சு. இப்ப நீ ஒண்ணும் பேசாத. வீடு போற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து, அவர் சொல்லி நான் வாயை மூடியது அன்றைக்குத்தான்.