நீல ஒளியில் ஒரு கோடு

போன வாரம் பல் ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருந்தபோது, மேசையில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினேன். ஒரே நட்சத்திர மண்டலத்தை ஐந்து விதமான ஒளியில் எடுத்த படங்களாம். ஒன்று ஆரஞ்சு, ஒன்று ஊதா. ஒன்றில் நடுவிலிருந்து தீக்குச்சி மாதிரி ஒரு கோடு நீட்டிக்கொண்டிருந்தது. எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை நான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆனால் அந்தக் கோட்டை மட்டும் பார்த்ததுமே நம்பிவிட்டேன். அதை எனக்குத் தெரியும். ஒருமுறை அதை அழித்தவனே நான்தான்.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு இருட்டறை வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. படம் கழுவிக் கழுவி நகமெல்லாம் கறுத்திருக்கும். சாயம் போடுகிறவர்கள் பச்சையும் அரக்குமாகக் கையை வீசிக்கொண்டு போகிற ஊரில், என் கையைப் பிடித்துப் பார்த்து, "இது என்னா கலர்ப்பா, எந்தச் சேலைக்கு?" என்பார்கள். எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் மருந்து வாடை போகாது. கல்யாணமான புதிதில், நான் பிசைந்த சோற்றை என் மனைவி தொடமாட்டாள்.

அந்த ஸ்டுடியோவுக்கு ஒருநாள், மாகறலிலிருந்து சைக்கிளில் வந்துபோகும் சயின்ஸ் வாத்தியார் பெரிய உறையோடு வந்தார். வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே இரண்டு நெகட்டிவ், ஒரு காகிதம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நெகட்டிவைப் பெரிதாக்கித் தர வேண்டும். இரண்டும் ஒரே நட்சத்திர மண்டலம்தான், ஒன்று நீல ஒளியில் எடுத்தது, மற்றது சிவப்பில் எடுத்தது என்றார். காகிதத்தில் வளையம் வளையமாக இருந்தது, அங்கிருந்து வருகிற ரேடியோ அலையை அளந்து வரைந்ததாம். அந்த மண்டலத்தின் நடுவில் என்னவோ கொதித்துக்கொண்டே இருக்கிறதாம்.

அவர் போனதும் முதலாளி உறையை முகர்ந்தே பார்த்துவிட்டார். எல்லையில் நடந்த சண்டை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. புது ஆள் யாரைப் பார்த்தாலும் உளவாளி என்று தோன்றிய காலம். "ரேடியோவுல பாட்டு வரும், படமா வரும்? இது எந்த ஊரு மேப்போ. போலீஸ் வந்தா நீதான் கழுவினேன்னு சொல்லிடு," என்றார். அன்று முழுக்க வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிரிண்ட் போட்டேன். சிவப்பு ஒளிப் படத்தில் வெறும் பஞ்சு உருண்டை. நீல ஒளிப் படத்தில் அதே உருண்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. போன மாதம்தான் ஒரு கல்யாண நெகட்டிவில் கீறல் போட்டிருந்தேன். இன்னொன்று விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரே பொருள் என்றால், ஒன்றில் இருப்பது மற்றதில் ஏன் இல்லை? நெகட்டிவை ஊதினேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். கோடு போகவில்லை. அப்படியானால் கீறல்தான், நான் போட்டதுதான். பிரிண்டில் வெள்ளையாகத் தெரிகிற கீறலைப் பக்கத்து நிறத்துக்கு மை கலந்து, மெல்லிய தூரிகையால் மறைப்பது எங்கள் அன்றாட வேலை. நீல ஒளிப் படத்துக்குப் போட்ட நான்கு பிரிண்டிலும் உட்கார்ந்து மறைத்தேன். அழகாகவே மறைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் வாத்தியார் வந்து, படங்களை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லென்ஸை எடுத்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"நீலத்துல ஒரு கோடு இருக்கணுமேப்பா. அதுக்குத்தான் எட்டு மாசமா லெட்டர் போட்டுக்கினு இருந்தேன். வேற எதையோ அனுப்பிட்டானுங்க போலருக்குது."

நெகட்டிவைப் பார்க்கக்கூட மனமில்லாமல் எல்லாவற்றையும் உறையில் போட்டார். கண்காட்சியில் வைக்கப் போவதில்லை என்றார். முதலாளி மட்டும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் நின்றால் வேலை நிலைக்கும்.

"சார், கீறல்னு நெனச்சி நான்தான் மறைச்சேன்," என்றேன்.

முதலாளி எழுந்தார். வாத்தியார் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "மறைச்சத எடுக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அவர் வளையக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். கோடு போன திசையிலேயே வளையங்களும் நீண்டிருந்தன. நடுவிலிருந்து பீறிட்டு வருவது அது என்றும், சிவப்பில் எடுத்தால் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் வெளிச்சம் அதை அமுக்கிவிடும் என்றும் சொன்னார். பிறகு முதலாளியிடம், "இவன நிறுத்திடாதீங்க. நான் அப்படியே போயிருந்தா இவனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, இருந்தும் வாயத் தொறந்து சொன்னான்," என்றார். முதலாளி நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வருஷம் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

எனக்கோ என் தூரிகை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை முகங்களிலிருந்து அம்மைத் தழும்பையும் மருவையும் எடுத்திருப்பேன். எடுக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஆனாலும். ஸ்டுடியோவை மூடியபோது, நெகட்டிவ் பெட்டிகளை, பிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

சில வருஷம் முன்பு ஏனாத்தூரில் தெரிந்தவர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மாலை போட்டு வைத்திருந்தது நான் கழுவிய படம். அவர் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம், "தாடையில ஒரு வெட்டு இருக்கும், மாடு முட்டினது. இதுல காணோமேப்பா," என்றார்.

"வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆளும் இல்லை, நெகட்டிவும் இல்லை. அந்த வெட்டு இப்போது எங்கேயும் இல்லை.